உழவு இயந்திரப் பெட்டியை டிப்பராக்கும்போது எங்கே கணக்குப் பிழைக்கிறது?

கேள்வி இது: கொழும்பில் இருந்துகொண்டு கிளிநொச்சி வயலுக்காக ஒரு உழவு இயந்திரப் பெட்டியை (ட்ரெய்லரை), சிலிண்டரால் தூக்கித் தட்டும் டிப்பராகத் தயார் செய்கிறீர்கள். ஒற்றை அக்சில், 10 அடி நீளம், 6 அடி அகலம், 20 அங்குலப் பக்கப் பலகை. இழுப்பது 45 குதிரைவலு உழவு இயந்திரம். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையொன்றில் பழைய ஜப்பான் டிப்பரில் இருந்து கழற்றிய, 75 மி.மீ. துளையும் (உள் விட்டம்) 580 மி.மீ. ஓட்டமும் (தண்டு வெளியே நீளும் தூரம்) உள்ள ஒரு சிலிண்டரைப் பார்த்திருக்கிறீர்கள். "10 தொன் தூக்கும்" என்று கடையில் சொன்னார்கள். நெல்லும் மணலும் ஏற்ற அது போதுமா?

போதாது. சிலிண்டரில் குறையில்லை. "10 தொன்" என்ற பேச்சில்தான் சிக்கல். ஒரு சிலிண்டருக்குத் தனியாகத் தொன் கணக்குக் கிடையாது. துளையின் பரப்பை ஒயிலின் அமுக்கத்தால் பெருக்கினால்தான் விசை வரும். 75 மி.மீ. துளையின் பரப்பு 44.2 சதுர செ.மீ. அது 10 தொன் தள்ள வேண்டுமென்றால் 220 பாருக்கு மேல் அமுக்கம் வேண்டும். லொறியின் பம்ப் அதைக் கொடுத்திருக்கலாம். உங்கள் அளவு உழவு இயந்திரங்களில், அமுக்கம் மிஞ்சினால் ஒயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு பெரும்பாலும் 140 முதல் 180 பாருக்குள் திறந்துவிடும். 150 பாரில் அதே சிலிண்டர் 6.8 தொன்தான் தள்ளும். அதிலும் எவ்வளவு பெட்டியைத் தூக்கப் பயன்படும் என்பது சிலிண்டர் படுத்திருக்கும் கோணத்தைப் பொறுத்தது. பெரும்பாலானோர் தவறவிடுவது இந்தக் கோணத்தைத்தான்.

முதலில் பாரத்தைச் சரியாகச் சொல்லிக்கொள்வோம். 10 அடி, 6 அடி, 20 அங்குலம் என்பது சரியாக 100 கன அடி, அதாவது ஒரு கியூப், 2.83 கன மீற்றர். அதில் நெல் நிரப்பினால் 1.6 தொன் அளவில்தான் வரும். ஈர மணலை விளிம்பு வரை நிரப்பினால் 5 தொன்னைத் தொடும். ஒற்றை அக்சில் பெட்டிக்கு அது அதிகம். பக்கப் பலகையின் உட்புறம் 15 அங்குல உயரத்தில் பெயின்ட் கோடு ஒன்று போடுங்கள், மணல் அதற்கு மேல் ஏறக்கூடாது. அந்தக் கோடு வரை ஈர மணல் கிட்டத்தட்ட 3.8 தொன். 4 தொன் என்று வைத்து, மேற்பெட்டியின் சொந்த எடை 600 கிலோவையும் சேர்த்தால், தூக்க வேண்டியது 4.6 தொன். நெல்லுக்கென்று மட்டும் வடிவமைத்தால் பாதி இரும்பு மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் பெட்டி ஊரில் நின்றால் யாராவது ஒருநாள் மணலுக்குக் கேட்பார்கள், நீங்களும் கொடுப்பீர்கள். ஆகவே மணலுக்கே கணக்குப் போடுங்கள்.

பின் கீலைப் பெட்டியின் வாலில் இருந்து 20 செ.மீ. உள்ளே வைத்தால், பாரமையம் கீலுக்கு 1.3 மீற்றர் முன்னால் இருக்கும். 4.6ஐ 1.3ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 6 தொன்-மீற்றர். பெட்டி தரையோடு சமமாக இருக்கும் அந்த முதல் கணத்தில் சிலிண்டர் வெல்ல வேண்டிய திருப்பம் அது. பெட்டி எழும்ப எழும்ப இது குறையும். பாரமையம் கீலுக்கு 45 செ.மீ. மேலே இருந்தால், 45 பாகையில் பாரமையம் கீலுக்கு 60 செ.மீ. முன்னால் மட்டுமே நிற்கும். ஒரு பிடி மண் சரியாவிட்டாலும் திருப்பம் பாதிக்கும் கீழே வந்துவிடும். ஆகவே முதல் சில பாகைகளை வென்ற பெட்டி அநேகமாக முழுவதும் எழும்பிவிடும்.

படுத்த சிலிண்டர் பலவீனமாக இருப்பதும் அதே முதல் கணத்தில்தான். சிலிண்டரின் மேல் ஆணியைக் கீலுக்கு 1.6 மீற்றர் முன்னால், கீலின் மட்டத்திலேயே பெட்டியின் அடியில் பூட்டுகிறீர்கள். கீழ் ஆணியைக் கீலுக்கு 60 செ.மீ. முன்னால், 30 செ.மீ. பள்ளத்தில், பெட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் பூட்டுகிறீர்கள். சிலிண்டர் தரைக்கு வெறும் 17 பாகையில் படுத்திருக்கும். கீலில் இருந்து சிலிண்டரின் கோட்டுக்குச் செங்குத்தாக அளந்தால் 46 செ.மீ.தான். 6 தொன்-மீற்றரை 0.46ஆல் வகுத்தால் 13 தொன் விசை வேண்டும். உங்கள் சிலிண்டர் தருவது அதில் பாதி.

கீழ் ஆணியை இன்னும் 15 செ.மீ. இறக்கி, கீலுக்கு 45 செ.மீ. கீழே வையுங்கள். அந்தச் செங்குத்துத் தூரம் 66 செ.மீ. ஆகிவிடும், தேவையான விசை 9.1 தொன்னாக விழும். ஆணியைத் தாங்கும் ஒரு குறுக்குக்கற்றையை இறக்கி வெல்ட் பண்ணியதால் மட்டும் 4 தொன் மிச்சம். அதற்கு விலை ஓட்டத்தில் கொடுக்க வேண்டும்: 45 பாகைக்கு முன்பு 48 செ.மீ. ஓட்டம் போதும், இப்போது 57 செ.மீ. வேண்டும். விசை குறைந்தால் ஓட்டம் கூடும், இரண்டும் சேர்ந்து குறையாது. உங்கள் சிலிண்டரின் 580 மி.மீ. ஓட்டம் இந்த அமைப்புக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் அது ஒற்றையாக 200 பார் கேட்கும். அதே மாதிரி இரண்டாவது கிடைத்தால், சோடியாக 101 பாரில் வேலை முடியும். ஒற்றையாகத்தான் வேண்டுமென்றால் 100 மி.மீ. துளை தேடுங்கள், 114 பார் வரும்.

வடிவமைப்பு அமுக்கம் ரிலீஃப் வால்வு திறக்கும் அளவின் முக்கால் பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீல் துரு, ஆணி உராய்வு, முன்பக்கம் கூடுதலாகக் குவிந்த மணல் எல்லாம் மிச்சக் கால் பங்கைச் சாப்பிடும். புத்தகத்தில் போட்டிருக்கும் அளவை நம்ப வேண்டாம். 250 பார் மானி ஒன்றை இணைப்பில் பூட்டி, ஒயில் சூடான பின் உங்கள் இயந்திரம் உண்மையில் எவ்வளவு தருகிறது என்று அளவுங்கள். தேய்ந்த பம்ப் குளிரில் நல்ல கணக்குக் காட்டும், சூட்டில் விழுந்துவிடும்.

இதையெல்லாம் வெல்ட் பண்ண முன்பு சீமெந்துத் தரையில் சோக்கால் முழு அளவில் வரைந்து பாருங்கள். கீல் ஒரு புள்ளி, மேல் ஆணி ஒரு கயிற்று வில், கீழ் ஆணி இன்னொரு புள்ளி. மூடிய நீளம், திறந்த நீளம், நடுவில் சிலிண்டர் அக்சிலில் முட்டுகிறதா என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கீழ் ஆணியை 45 செ.மீ. இறக்கும்போது அக்சிலுக்கு மேல் சில சென்ரிமீற்றர்தான் மிஞ்சும். அங்கே வில் தட்டு இருந்தால், அது அமுங்கும் அளவையும் சேர்த்துப் பாருங்கள். கையில் உள்ள சிலிண்டரின் மூடிய நீளம் படத்தில் வருவதை விடக் குறைவாக இருந்தால், கீழ் ஆணியைக் கொஞ்சம் முன்னே நகர்த்தி மறுபடி அளவுங்கள். துண்டுக் கம்பி ஒட்டி நீட்டுவதை விட அது நல்லது.

மற்ற வழி, ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய குழாய்கள் விரியும் அடுக்குச் சிலிண்டரை நெட்டாக வைப்பது. கீலுக்கு 1.4 மீற்றர் முன்னால், கீழ்த் தாங்கி 40 செ.மீ. பள்ளத்தில். ஆரம்ப விசை 4.3 தொன்தான், ஓட்டம் 1.05 மீற்றர். 95, 80, 65 மி.மீ. என்ற மூன்று அடுக்கு என்றால், பெரிய அடுக்கு முதலில் 60 பார் அளவில் கிளம்பும். இரண்டாவது தொடங்கும்போது 74 பார், கடைசி அடுக்கு தொடங்கும்போது 94 பார் வரை ஏறும். ஆகவே அடுக்குச் சிலிண்டர் வாங்கும்போது வெளி விட்டத்தைப் பார்த்து மகிழாமல் கடைசி அடுக்கின் விட்டத்தைக் கேளுங்கள். பாதி எழும்பி நின்றுவிடும் பெட்டிகளில் பெரும்பாலும் குற்றவாளி அந்தக் கடைசி அடுக்குதான்.

புதிதாகச் செய்கிறவருக்கு அடுக்குச் சிலிண்டரையே பரிந்துரைப்பேன். காரணம் விசை மட்டுமல்ல, இரும்புச் சட்டமும்தான். படுத்த சிலிண்டர் 13 தொன் தள்ளும்போது அதில் 12 தொன்னுக்கு மேல் கிடையாகப் போகிறது. பெட்டியை முன்னே தள்ளுகிறது, கீல் அதை இழுத்துப் பிடிக்கிறது, கீழ்க் குறுக்குக்கற்றை பின்னே முறுக்கப்படுகிறது. வெடிப்பு எப்போதும் ஒரே இடத்தில் தொடங்கும்: கீழ்க் குறுக்குக்கற்றை நெடுஞ்சட்டத்தைச் சந்திக்கும் வெல்ட் முடிவில். அடுக்குச் சிலிண்டரில் இந்தக் கிடைவிசை ஆரம்பத்தில் அநேகமாக இல்லை. ஆனால் அது ஒன்றை மன்னிக்காது: பக்கவாட்டு வளைவு. அதன் அடுக்குகள் நீளமாகவும் மெல்லியதாகவும் இருப்பதால், இரு முனையும் இரண்டு திசையிலும் ஆடக்கூடிய தாங்கியில் நிற்க வேண்டும். ஒரு திசையில் மட்டும் ஆடும் ஆணி போட்டால் ஒரு பருவத்துக்குள் சீல் கிழியும்.

சட்டத்துக்கு 125க்கு 65 மி.மீ. சேனல் இரண்டு போதும். கீழ்க் குறுக்குக்கற்றையைச் சேனலின் நடுத்தகட்டில் முக்கோணத் தகடு வைத்துச் சேருங்கள். கீழ் விளிம்பில் குறுக்காக வெல்ட் ஓட்டவே வேண்டாம், இழுவிசை கூடிய இடம் அது. கீல் ஆணி ஒவ்வொன்றும் 40 மி.மீ., இரு பக்கமும் காது உள்ளதாக, கிறீஸ் நிப்பிளோடு. வலிமைக்கு 30 மி.மீ.யே தாங்கும், மிச்சம் தேய்மானத்துக்கு. இரண்டு கீலையும் ஒரே நேர்கோட்டில் வைக்க, ஒரு நீளக் கம்பியை இரண்டுக்குள்ளும் ஊடே விட்டு வைத்தே வெல்ட் பண்ணுங்கள். மேல் ஆணியின் தாங்கியை நேராகத் தளத் தகட்டில் ஒட்டினால் தளம் வயிறு மாதிரி மேலே வீங்கும். பெட்டியின் அடியில் இரண்டு நெடுங்கற்றை, அவற்றுக்கு இடையில் குறுக்குக்கற்றை, அதில்தான் தாங்கி. சோடிச் சிலிண்டர் போட்டால் இரண்டின் மேல் முனையையும் ஒரே தண்டில் பூட்டி, ஒரே ரீ இணைப்பில் இருந்து சம நீள ஹோஸ் கொடுங்கள்.

அடுத்து அக்சில். மேலே சொன்ன பெட்டியில் அக்சில் பாரமையத்துக்கு 35 செ.மீ. பின்னால், கொழுக்கி அக்சிலுக்கு 2.9 மீற்றர் முன்னால் என்று வைப்போம். ஓடும்போது கொழுக்கியில் 555 கிலோ கீழ்நோக்கி அமர்ந்திருக்கும், உழவு இயந்திரத்தின் பின் சில்லுக்கு நல்ல பிடி. பெட்டி 45 பாகை எழும்பி மணல் இன்னும் சரியாமல் நின்றால், பாரமையம் அக்சிலுக்கு 35 செ.மீ. பின்னால் போய்விடும். அதே 555 கிலோ இப்போது மேல்நோக்கி இழுக்கும். சட்டத்தின் சொந்த எடை கொஞ்சம் எதிர்க்கும், அவ்வளவுதான். வெறும் ஆணி செருகி விட்ட கொழுக்கி அந்த நேரத்தில் கழன்றால், முன்பக்கம் ஆகாயத்துக்கு எழும்பிப் பெட்டி வாலில் அடித்து விழும். ஆணிக்குக் கீழே பூட்டுக் கிளிப் கட்டாயம். முடிந்தால் அக்சிலை இன்னும் 15 செ.மீ. பின்னே நகர்த்துங்கள். ஓடும்போது கொழுக்கிப் பாரம் 750 கிலோ ஆகும், மேல்நோக்கிய இழுப்பு 300 கிலோவாகக் குறையும். உங்கள் இயந்திரத்தின் கொழுக்கி அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்கதவு மேலே கீல் போட்டு, கீழே கொண்டி. பெட்டி எழும்பும்போது தானாகத் திறக்கும் கொண்டி நல்லது. கையால் திறப்பதென்றால், திறந்த பின்தான் லீவரைத் தொட வேண்டும். மூடிய கதவோடு தூக்கினால் மணல் முழுவதும் வாலுக்கு ஓடிவிடும், மேலே சொன்ன கணக்கு இன்னும் மோசமாகும்.

ஒயில் பக்கம். அடுக்குச் சிலிண்டர் முழுவதும் விரிய 5.4 லீற்றர் எடுக்கும், சோடிச் சிலிண்டர் 5 லீற்றர். நிமிடத்துக்கு 20 லீற்றர் பம்ப் என்றால் 15 முதல் 17 விநாடி, அதை விட வேகம் தேவையில்லை. மாஸி ஃபெர்குசன் 240 வகையில் ஹைட்ராலிக் பம்ப் பின் ஹவுசிங்கின் ஒயிலுக்குள்ளேயே இருக்கிறது, பல்சில்லுகளுக்கும் அதே ஒயில். 5 லீற்றர் வெளியே போனால் மட்டம் இறங்கும். சரிவில் நின்றால் பம்ப் காற்றை உறிஞ்சும், ஒயில் பாலாக நுரைக்கும், பெட்டி விக்கி விக்கி எழும்பும். பெட்டியை உயர்த்திய நிலையிலும் மட்டம் குறைந்தபட்சக் கோட்டுக்கு மேல் இருக்க வேண்டும், இறக்கிய நிலையில் உச்சக் கோட்டைத் தாண்டவும் கூடாது. இரண்டும் ஒத்துவராவிட்டால் தனி ஒயில் தொட்டியும் தனிப் பம்பும்தான் வழி. ஒயில் எடுக்கும் இடத்தில் திசைமாற்றி வால்வு இல்லாவிட்டால் ஒயில் பாரம் குறைந்த பக்கமே போகும்: பெட்டி அசையாது, பின் தூக்குக் கைகள் எழும்பும். இன்னொன்று, ஒரே பெட்டியை நாலு பேரின் இயந்திரத்தில் மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒருவர் ஒயிலின் அழுக்கு மற்றவர் பம்புக்குப் போகும். ஹோஸைச் சட்டென்று பூட்டிக் கழற்றும் விரைவிணைப்பின் இரண்டு பாதிக்கும் றப்பர் மூடி போட்டு வையுங்கள்.

ஹோஸ் அரை அங்குலம், இரட்டைக் கம்பி வலை உள்ளது. முக்கால் காசு மிச்சம் என்று ஒற்றை வலை வாங்க வேண்டாம். சிலிண்டரின் வாயிலிலேயே, ஹோஸுக்கு முன்பாக, ஹோஸ் வெடித்தால் தானே மூடும் வால்வைத் திருகுங்கள். நடுவில் எங்காவது வைத்தால் பயனில்லை, வெடிப்பது அதற்கும் சிலிண்டருக்கும் இடையில் இருந்தால் பெட்டி விழத்தான் செய்யும். இறங்கும் வேகத்துக்கு ஒருவழிக் கட்டுப்படுத்தி வேண்டும். முழு ஓட்டம் முடியச் சில சென்ரிமீற்றர் முன்பே கம்பிக் கயிறு இழுத்து ஒயிலைத் திருப்பிவிடும் எல்லை வால்வும் வேண்டும். அது இல்லாமல் அடுக்குச் சிலிண்டரை ஒவ்வொரு முறையும் முட்ட விரித்தால், அடுக்குகளைத் தடுக்கும் வளையங்கள் வெட்டுப்பட்டுப் போகும்.

பழைய சிலிண்டர் வாங்கும்போது தண்டை முழுவதும் வெளியே இழுத்து, குரோமில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டும் ஒவ்வொரு துருக்குழியும் சீலை அறுக்கும் கத்தி. சீல் மாற்றி விற்கிறேன் என்றால், தண்டு சரியில்லாமல் சீல் மாற்றுவது வீண்செலவு. இங்கே கடற்காற்றில் திறந்து கிடந்த சிலிண்டர்களில் இது சாதாரணம்.

பின்னர் வரும் கோளாறுகளில் குழப்பம் தருவது, தூக்கிய பெட்டி மெதுவாகத் தானே இறங்குவது. ஒயில் தூக்க மட்டும் தள்ளும் ஒற்றைவழிச் சிலிண்டரில் ஒயில் போக இரண்டே வழி: சீல் வழியாக வெளியே, அல்லது வால்வு வழியாகத் திரும்பி. வெறும் பெட்டியைத் தூக்கி, அது விழாமல் தாங்கும் பாதுகாப்புத் தண்டை ஒரு விரற்கடை இடைவெளி விட்டு நிறுத்தி, லீவரை நடுநிலையில் விட்டுப் பாருங்கள். இறங்கி, சிலிண்டர் வாயில் நனைந்திருந்தால் சீல். இறங்கியும் உலர்ந்திருந்தால் இயந்திரத்தின் வால்வு, சிலிண்டரைக் கழற்றத் தேவையில்லை. இறங்கவே மறுக்கும் பெட்டிக்கு முதல் சந்தேகம் பாதி பூட்டிய விரைவிணைப்பு, அடுத்தது வளைந்த அடுக்கு. அமுக்கம் அடைபட்ட இணைப்பைச் சுத்தியலால் தட்டவே கூடாது. ஊசித்துளை ஒழுக்கைக் கையால் தடவித் தேடவும் கூடாது, 100 பாரில் பீறும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும், உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம் அது. கார்ட்போர்ட் மட்டையைப் பிடித்துப் பாருங்கள்.

பாதுகாப்புத் தண்டு இல்லாமல் தூக்கிய பெட்டிக்குக் கீழே யாரும் தலையை நீட்டக்கூடாது, கிறீஸ் அடிக்கவும் கூட. தண்டைச் சட்டத்திலேயே கீல் போட்டுப் பொருத்துங்கள், தனியாகக் கொண்டுதிரியும் மரக்கட்டை தேவைப்படும் நேரத்தில் வீட்டில் இருக்கும்.

தட்டும் இடத்தின் சமதளத்தையும் கவனியுங்கள். 45 பாகையில் சரியாத பாரத்தின் மையம் தரையில் இருந்து 2 மீற்றருக்கு மேல் நிற்கும். சில்லுகளுக்கு இடையே ஒன்றரை மீற்றர் என்றால், பக்கத்துக்கு 75 செ.மீ.தான் தாங்கும் அகலம். வரம்போரத்தில் 5 பாகை சரிவு இருந்தாலே அதில் 18 செ.மீ. போய்விடும், ஒரு டயரில் காற்றுக் குறைவென்றால் இன்னும். பெட்டியின் முன் விளிம்பு 3.2 மீற்றர் உயரம் எழும்பும், தாழ்ந்து தொங்கும் மின்கம்பி உள்ள முற்றத்தில் நிறுத்தும் முன் மேலே பாருங்கள்.

முதல் சோதனையை வெறும் பெட்டியோடு பத்துத் தடவை செய்யுங்கள், காற்று வெளியேறும், சிலிண்டர் அக்சிலில் உரசுகிறதா என்றும் தெரியும். பிறகு அரைப் பாரம். பிறகு கோடு வரை மணல் ஏற்றி, மானியைப் பூட்டி, பெட்டியை 10 செ.மீ. மட்டும் எழுப்பி ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். மானி கணக்கில் வந்த அளவை விட 20 பாருக்கு மேல் காட்டினால் எங்கோ பிடிக்கிறது அல்லது அளவு பிழைத்திருக்கிறது, மேலே தூக்காமல் இறக்கிவிடுங்கள். சரியாக இருந்தால் முழுவதும் தட்டி முடித்து, கீழ்க் குறுக்குக்கற்றையின் வெல்ட் முடிவுகளைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். பெயின்ட் அடிப்பது அந்தப் பார்வைக்குப் பிறகுதான், பெயின்ட் வெடிப்பை மறைத்துவிடும்.